கத்தி ஒரு கையில், பேனா ஒரு கையில்

1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உயர்சாதி மதுசூதன் குப்தா பிணத்தைத் தொட்டு அறுத்தார். கோட்டையில் பீரங்கி முழங்கியதாம். நம்மாள் தலைமுறையாய் அறுக்கிறான்; அவனுக்குக் கிடைத்த பட்டம் ‘பொணம் அறுக்கிறவன்’.

பல ஆஸ்பத்திரிகளில் மண்டையைப் பிளப்பதும் திரும்பத் தைப்பதும் அவன்தான். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கிறார். கழுத்துக் காயத்தை முதலில் பார்ப்பது அவன் கண். கொலையா தற்கொலையா என்று எழுதுவது அவர் பேனா. சேரிப்பிள்ளை தூக்கில் தொங்கினால் வழக்கின் உயிரே அந்தத் தாளில்தான்!

எம்.பி.பி.எஸ். முடிக்கிற நம் பிள்ளைகளே, மூணு வருஷ எம்.டி. தடயவியல் மருத்துவம் படியுங்கள். ‘இதுக்கா டாக்டரானே?’ என்று சொந்தக்காரன் கேட்டால் கேட்கட்டும். ஆனால் நீயும் தள்ளி நிற்காதே. கையெழுத்துப் போடுகிற கைதான் கத்தியையும் பிடிக்கணும்.