பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

"எங்களிடம் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. மாமியாரை மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. புதுக் கார் வாங்க வசதியில்லை. பழைய கார் வாங்கலாமா, அல்லது ஏமாந்து போவோமா?" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

தாராளமாக வாங்கலாம், சகோதரி. ஏமாறாமலும் வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் என் தங்கையின் கணவர் கார் வாங்கிய கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2016-ஆம் வருஷம் அவர் சென்னையில் ஒரு பழைய கார் பார்த்தார். பழையது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். அப்படி ஒரு பளபளப்பு! கதவைத் திறந்தால் மல்லிகைப்பூ வாசனை ஆளைத் தூக்கிற்று. விலையோ மற்ற இடங்களில் கேட்டதைவிட 40,000 ரூபாய் குறைவு. "இவ்வளவு நல்ல காரை அந்த மனிதர் எதற்காக விற்கிறார்?" என்று என் தங்கை கேட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். அவளுடைய இரண்டு வளையல்களை அடகு வைத்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்துக் காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார்.

மூன்றாவது மாதம், தெருவே தூங்கிக்கொண்டிருந்த ஒரு நடுநிசியில், ஆளில்லாத காரின் ஹாரன் தானாகவே அலற ஆரம்பித்தது. அடுத்த வாரம் ஜன்னல் கண்ணாடி இறங்க மறுத்தது. அதற்கடுத்த வாரம் என்ஜினே கிளம்ப மறுத்தது. வந்து பார்த்த மெக்கானிக் என்ஜினைத் தொடக்கூட இல்லை. ஸீட் பெல்ட்டைப் பிடித்து முழுவதும் வெளியே இழுத்தார். அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்ட மாதிரி இருந்தது! 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார் அது. பெயிண்டுக்கும் வாசனைக்கும் தாராளமாகச் செலவழித்த மனிதர், பெல்ட்டின் அடியிலிருந்த சேற்றை மறந்துவிட்டார். வளையல்கள் அடகுக் கடையிலிருந்து திரும்பி வர நாலு வருஷம் ஆயிற்று.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்கவேண்டும் அல்லவா? எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கார் என்ற கேள்வி. உங்கள் தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக்குக் கை பழகிய காராக இருக்கட்டும். ஆல்டோ, வாகன் ஆர், ஸான்ட்ரோ போன்ற சின்னப் பெட்ரோல் கார்களை ரிப்பேர் செய்ய ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. "அதே விலைக்கு இதைவிடப் பெரிய கார் கிடைக்கிறதே!" என்று சபலம் தட்டும். கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணமும் இருக்கும். ஷெவர்லே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. அப்படிப்பட்ட கார் மலிவாகக் கிடைத்தால், வாங்குவதற்கு முன்பே உதிரி பாகம் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்துவிடுங்கள். மாதம் இரண்டு ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு டீஸல் காரும் வேண்டாம். நிறைய ஓடுகிறவர்களுக்குத்தான் அதில் லாபம்.

இரண்டாவது, காகிதங்கள். காரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.ஸி.யைப் பாருங்கள். அதிலுள்ள சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் காரில் பொறித்திருக்கும் நம்பர்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு பரிசோதனைக்குக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்ந்தது. ஆகவே 14 வயதுக் காரை "மலிவு" என்று சொன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஆர்.ஸி.யில் பாங்குக் கடன் குறிப்பு இருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்தது என்று பாங்கு கொடுக்கும் கடிதமும், 35-ஆம் நம்பர் பாரமும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கட்டாத அபராதம் பாக்கியிருக்கிறதா என்பதையும், இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதையும் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் கார். காலையில் போங்கள். வெயில் ஏறினால் பானெட் எப்படியும் சுடும். "நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், யாரோ முன்கூட்டியே என்ஜினை எழுப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் கிளம்பும் விதம் அதன் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடும். பின்னால் நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி மாதிரி இருந்தால், நமஸ்காரம் போட்டுவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள்.

"35,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்பார்கள். மீட்டரைத் திருப்பத் தெரிந்த கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் தேய்ந்த பொருள்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங் சக்கரம் வழுக்குகிறதா? அப்படியானால் மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி ஸர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். டயருக்கும் ஜாதகம் உண்டு, பார்த்தீர்களா!

ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பதை மறக்காதீர்கள். கால் விரிப்பைத் தூக்கி ஈரவாடை அடிக்கிறதா, ஸீட்டுக்கு அடியில் உள்ள கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன அல்லவா?

பிறகு கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு! நேரான சாலையில் கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா, பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறதா, என்ஜின் இரைகிற அளவுக்கு வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் திருப்தியாக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து வந்து காட்டுங்கள். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம். பெண் வீட்டாரிடமே பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல் ஆகிவிடும்.

சகோதரி, 3 லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். இரண்டரை லட்சத்துக்குள் கார் பாருங்கள். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், பாட்டரி, பிரேக், டயர் என்று முதல் மாதமே செலவு வரிசையில் வந்து நிற்கும்.

பணம் கைமாறும் அன்றே 29, 30 நம்பர் பாரங்களில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 14 நாளைக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். விற்பவர் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். காரை விற்ற பிறகும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அதைக் கேட்டதும் அவரே உங்களை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு ஓடுவார்.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டாலும், என் தங்கை கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: "எதற்காக விற்கிறீர்கள்?" குடும்பம் பெருகிவிட்டது, பெரிய கார் வேண்டும் என்பார் ஒருவர். கண் பார்வை மங்கிவிட்டது என்பார் ஒரு பெரியவர். அப்படிச் சொல்லிவிட்டு, வாங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்த ரசீதுக் கட்டையும் எடுத்து நீட்டினால், பெயிண்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காரைப் பாருங்கள். பதில் வராமல் பளபளப்பும் வாசனையும் மட்டும் வந்தால் திரும்பிவிடுங்கள்.

நல்ல காராகக் கிடைத்ததும் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, மாமியாரை முன் ஸீட்டில் உட்காரவைத்துப் புறப்படுங்கள். ஸீட் பெல்ட்டைப் போட மறக்க வேண்டாம். அதைத்தான் ஏற்கெனவே கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டீர்களே!