கொதித்தாலும் போகாதது

மும்பை ஹார்பர் பாதையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போனது. குர்லா, செம்பூர் பக்கத்தில் தண்டவாளத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே பாலக், மேத்தி, சிவப்புத் தண்டுக்கீரை, வெண்டை. பாத்தியை ஒட்டியே ஒரு நாலா, அதாவது திறந்த சாக்கடைக் கால்வாய். பாய்வது அந்தத் தண்ணீர்தான். கீரை என்னவோ கண்ணைப் பறிக்கும் பச்சை. யாராவது முகம் சுளித்தால் எதிர் இருக்கையிலிருந்து சமாதானம் வந்துவிடும்: "செடிக்கு அது உரம்தானே சார்? நல்லா அலசி வேகவெச்சா எல்லாம் போயிடும்."

தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும் மாட்டுங்காவின் மூன்றறை அடுக்ககத்திலும் ஒருபோல நிலைத்துவிட்ட நம்பிக்கை இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அந்தப் பாதியால்தான். சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, செடி செழிக்கும். கொதிநீரில் டைபாய்டு கிருமியும் காலரா கிருமியும் சாகும். இந்த இரண்டையும் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் இந்த ஊர் எல்லாவற்றையும் வேகவைத்தா தின்கிறது? மும்பை சாண்ட்விச்சில் தடவும் பச்சைச் சட்டினி அடுப்பைப் பார்ப்பதே இல்லை. பேல்பூரி மேல் தூவும் கொத்தமல்லியும் பச்சைதான், வெள்ளரியும் பச்சைதான். வேகப்போகும் கீரைகூட முதலில் கையிலும் கத்தியிலும் பலகையிலும் பட்டுவிட்டுத்தான் சட்டிக்குப் போகிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டை இப்படி வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு மூளையில் தங்கி வலிப்பைக் கொண்டுவரலாம். பன்றிக்கறியைத் தொடாத சைவர்களுக்கும் இந்த நோய் வருவது இதனால்தான். உருளைப்புழுவின் முட்டையோ ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

உலகம் இதை விலைகொடுத்தே கற்றது. 1970இல் ஜெருசலேமில் பரவிய காலராவுக்கு, சாக்கடை நீர் பாய்ச்சிய காய்கறியைப் பச்சையாகத் தின்றது காரணம் என்று கண்டார்கள். சிலி நாட்டின் சாண்டியாகோவில் ஓயாமல் டைபாய்டு இருந்தது; 1991இல் காலரா பயத்தில் அரசு அத்தகைய பாசனத்தைத் தடுத்ததும் டைபாய்டும் இறங்கிவிட்டது. பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக்கிருமிகளுக்கு மேல் இருக்கக் கூடாது, லிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இலேயே வரம்பு வகுத்தது. நாலாவை இந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் வைப்பதே வேடிக்கை.

சரி, கிருமியை விடுங்கள். மும்பை நாலாவில் ஓடுவது வெறும் மலஜலம் இல்லை. மித்தி ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பவாய், விகார் ஏரிகளின் உபரிநீராகப் புறப்பட்டு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியைத் தொட்டுக்கொண்டு மாகிம் கழிமுகத்தில் சேர்கிறது அது. வழியில் சாக்கிநாக்கா, குர்லா பக்கத்துப் பழைய இரும்புக் கிடங்குகளும் எண்ணெய் டிரம் கழுவும் கொட்டகைகளும் அதில் கலந்ததைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. முலாம் பூசும் பட்டறை, சாயம், பேட்டரி என்று எங்கிருந்து வந்தாலும் காட்மியமும் ஈயமும் தனிமங்கள். தனிமத்தைக் கொதிக்கவைத்துக் கொல்ல முடியாது. அலசியும் பயனில்லை, அது இலைக்கு மேலே ஒட்டிக்கொண்டு இல்லை. வேர் உறிஞ்சி இலைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதிலும் பாலக் போன்ற கீரைகள் காட்மியத்தை ஆசையாக உறிஞ்சுபவை. உடலில் புகுந்த காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. வலியில் அவர்கள் அலறியதையே நோயின் பெயராக வைத்தார்கள்: இதாய்-இதாய். அந்த அரிசியும் வேகவைத்த அரிசிதான்.

"மண் வடிகட்டிவிடும்" என்பது இன்னொரு சமாதானம். வடிகட்டிய உலோகம் எங்கே போகும்? அதே மண்ணில் தங்கி அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும்.

படித்தவர்கள் வேறொரு வாதத்தோடு வருவார்கள்: கொல்கத்தாவில் சாக்கடை நீரில்தானே மீன் வளர்க்கிறார்கள்? உண்மைதான். கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 12,500 ஹெக்டேர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002இல் ஏறியது. சூழலியலாளர் துருபஜோதி கோஷ் தன் வாழ்நாளையே அதன் அருமையை விளக்குவதில் செலவிட்டார். ஆனால் அங்கே சாக்கடை நேராக மீனுக்குப் போவதில்லை. ஆழமில்லாத குளங்களில் பல நாள் தேங்கி, வெயிலும் பாசியும் தங்கள் வேலையைச் செய்த பிறகுதான் மீன் அதில் வளர்கிறது. அங்கேயும் தோல் பதனிடும் கழிவு பற்றிய கவலை தீரவில்லை. நாலாவில் வாளியை விட்டு மொண்டு ஊற்றுவதற்குக் கொல்கத்தாவைச் சாட்சிக்கு அழைப்பது அந்த மீனவர்களின் அறிவுக்குச் செய்யும் அவமரியாதை.

இதைச் சொன்னதும் பயிரிடுகிறவர் மேல் பாய்கிறவர்களும் உண்டு. தண்டவாளத்து நிலம் திருட்டு நிலம் இல்லை. ஆக்கிரமிப்பைத் தடுக்க 'அதிக உணவு உற்பத்தி' என்ற பெயரில் ரயில்வே தன் கடைநிலை ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. நிலத்தைக் கொடுத்தவர்கள் தண்ணீரைக் கொடுக்கவில்லை. பாத்தியில் வெறுங்காலோடு நிற்கிற மனிதர்தான் கொக்கிப்புழுவுக்கு முதல் இரை. நாம் தட்டில் பார்க்கும் ஆபத்து அவர் காலில் தொடங்குகிறது.

தாராவி, பாந்த்ரா, காட்கோபர் உட்பட ஏழு இடங்களில், நாளொன்றுக்கு 2,464 மில்லியன் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்லது. ஆனால் அத்தகைய நிலையங்கள் மலக்கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களை நம்பி ஓடுபவை. உலோகத்தை அவை தின்பதில்லை. பெரும்பகுதி சேற்றில் போய்ச் சேரும், அந்தச் சேறும் ஒருநாள் எரு என்று வயலுக்குத் திரும்பலாம். பட்டறைக் கழிவைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தியாக வேண்டும். அந்த வேலை மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது.