கண்ணாடிக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது?



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், வாங்க யோசிப்பவர்களும், பிள்ளையை ஸ்கூல் வேனில் அனுப்புபவர்களும் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், குறை நினைக்க மாட்டோம்.

கடந்த தவணை விடுமுறையில் எங்கள் ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு கொழும்பு போய்த் திரும்பினார். பதியத்தலாவை தாண்டி மகாஓயாவுக்கு வரும் வழியில், முன்னால் போன டிப்பரின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்தது. புளியங்கொட்டை அளவுதான். முன் கண்ணாடியில் சின்னதாக ஒரு பூ விழுந்த மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தார், விரலால் தடவினார், "ஃபுல் இன்சூரன்ஸ்தானே" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு முன்னால் வெயிலில் நிறுத்தியிருந்தார். ஜும்ஆ முடிந்து வந்து ஏ.சி.யைப் போட்டதும் அந்தப் பூவிலிருந்து ஒரு கோடு கிளம்பி மற்றப் பக்கம் வரை ஓடிவிட்டது.

திங்கட்கிழமை அவர் கம்பனிக்குப் போன் எடுத்தபோது நாங்களும் பக்கத்தில்தான் இருந்தோம். முதல் கேள்வி, எப்போது நடந்தது? இரண்டாவது, அந்த இடத்திலேயே ஏன் அறிவிக்கவில்லை? மூன்றாவதாக அவர்கள் சொன்னதுதான் எல்லோரையும் வாயடைக்கச் செய்தது. "உங்கட பொலிசியில விண்ட்ஸ்கிரீனுக்குப் பதினைந்தாயிரம்தான் இருக்கு சேர்."

அவருடைய வாகனம் ஒரு வேகன் ஆர். தானாக பிரேக் பிடிப்பதற்கான கெமரா கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வகை. அதற்குரிய கண்ணாடிக்கு, பொருத்துகிற கூலியோடு, கடையில் சொன்ன விலை தொண்ணூற்றைந்தாயிரம். மீதி எண்பதாயிரம் யார் தலையில்? ஒரு ஆசிரியரின் சம்பளத்தில் எண்பதாயிரம் என்றால் என்ன என்று இங்கே விளக்கத் தேவையில்லை.

2018இல் லீசிங் எடுத்தபோது போட்ட தொகை அது. அதற்குப் பிறகு ஏழு முறை ரினியூ பண்ணியிருக்கிறார். ஏழு முறையும் வாகனத்தின் பெறுமதியைக் கூட்டினார்கள், பிரீமியத்தைக் கூட்டினார்கள். கண்ணாடிக்கான வரியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. 2022 மார்ச்சில் டொலர் இருநூறு ரூபாவாக இருந்து இரண்டு மாதத்தில் முந்நூற்றறுபது வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அரிசி, பெற்றோல், பால்மா எல்லாம் ஏறியதைப் பார்த்தோம். இறக்குமதியாகி வரும் கண்ணாடியும் ஏறும் என்று யார் யோசித்தது? அந்தப் பதினைந்தாயிரம் அப்படியே பழைய விலையில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏஜெண்டைத் திட்டுவது லேசு. நாங்களும் திட்டினோம். ஆனால் மறுநாள் எல்லோரும் அவரவர் பொலிசியைக் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம் மேசையில் விரித்தபோது வாய் அடங்கிவிட்டது. ஒன்பது வாகனங்கள். நான்கில் கண்ணாடி என்ற வரியே இல்லை. மூன்றில் பழைய காலத்துத் தொகை. ஒன்று மூன்றாம் தரப்பு மட்டும். ஒன்றுதான் சரியாக இருந்தது, அதுவும் அந்த ஆசிரியையின் கணவர் வாசித்துப் பார்த்துப் போட்டது. படிப்பிக்கிற நாங்களே எங்கள் கையெழுத்து இருக்கிற தாளை வாசித்ததில்லை. பிள்ளைகளிடம் மட்டும் "கேள்வியை இரண்டு தரம் வாசி" என்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டுச் சட்டம் கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும்தான். அது நம்மால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. நமது கண்ணாடிக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நாம் "ஃபுல்" என்று சொல்வது விரிவான காப்புறுதியை. அந்த "ஃபுல்" என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அது ஒரு சாப்பாட்டுப் பார்சல் மாதிரி. சோறும் கறியும் உள்ளே இருக்கும், பொரித்த முட்டை வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். வாகனத்தை இழுத்துச் செல்லும் செலவு, வெள்ளம், கலவரம், கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் அந்த முட்டைகள்தான். கேட்டால் சேர்ப்பார்கள். கேட்காவிட்டால் சில இடத்தில் சேர்ப்பார்கள், சில இடத்தில் ஒரு சின்னத் தொகையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள்.

கண்ணாடிக்கென்று தனி வரி இல்லாவிட்டால் கிளேம் பண்ணவே முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாக முடியும், விபத்துச் சேதம் என்ற கணக்கில். அங்கேதான் பொறி. அப்படிச் செய்தால் முதலில் எக்ஸஸ், அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, கழியும். பிறகு வருடக்கணக்காகச் சேர்த்த நோ கிளேம் போனஸில் கை வைப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணித ஆசிரியர்கள் இருக்கிற இடமாயிற்றே. உங்கள் வாகனத்துக்கு முழுப் பிரீமியம் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று வையுங்கள். பல வருடம் கிளேம் இல்லாததால் ஐம்பது வீதம் போனஸ். கட்டுவது அறுபதாயிரம். கண்ணாடி உடைந்து, எக்ஸஸ் கழித்து அறுபதாயிரம் கிடைக்கிறது. சந்தோஷம். அடுத்த வருடம் போனஸ் முழுவதும் போனால் கட்ட வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம். வாங்கிய அறுபதாயிரத்தை ஒரே வருடத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று. போனஸ் பழைய இடத்துக்கு ஏற இன்னும் சில வருடம், அந்த வருடங்களிலும் கூடுதலாகக் கட்டுகிறோம். சில கம்பனிகள் ஒரேயடியாக எடுக்காமல் படிப்படியாகக் குறைக்கும். எப்படி என்றாலும் இது நமக்கு நாமே கொடுத்த கடன்.

தனியாகக் கண்ணாடிக் காப்புறுதி எடுப்பதன் பிரயோசனம் இதுதான். வழமையாக, எழுதிய தொகைக்குள் கண்ணாடியை மட்டும் மாற்றினால் நோ கிளேம் போனஸ் அப்படியே இருக்கும். அந்த வாக்கியம் உங்கள் பொலிசியில் உண்மையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்ட் தம்பி வாயால் சொன்னது போதாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், கிளேம் நேரத்தில் பேசுவது அவர் இல்லை, தாள்.

தொகை எவ்வளவு போடுவது? ஏஜெண்டைக் கேட்பதற்கு முன் கண்ணாடிக் கடையைக் கேளுங்கள். உங்கள் வாகனத்தின் மொடலையும் வருடத்தையும் சொல்லி, பொருத்துகிற கூலியோடு இன்றைய விலையை எடுங்கள். கெமரா இருக்கிற வாகனம் என்றால் கண்ணாடி மாற்றிய பின் அதைச் சரிபார்த்து அமைக்கும் செலவு தனி, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். ஒவ்வொரு வருடமும் இதே வேலையைச் செய்ய வேண்டும், ஒரு போன் கோல்தான். "விண்ட்ஸ்கிரீன்" என்றால் முன் கண்ணாடி மட்டுமா, பின் கண்ணாடியும் கதவுக் கண்ணாடிகளுமா என்றும் கேளுங்கள். கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம். பக்கக் கண்ணாடி, அதாவது சைட் மிரர், பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது.

நம் பகுதிக்கு இன்னொரு தலைவலி, தேங்காய். கண்ணாடியில் மட்டும் விழுந்தால் கண்ணாடிக் கிளேம். பொனட்டையும் நெளித்துவிட்டு விழுந்தால் அது முழு விபத்துக் கிளேம், போனஸ் கதை மறுபடி ஆரம்பிக்கும். தென்னை மரத்துக்குக் கீழே வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல.

கல் பட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால்தான் உடைந்தாலும் முகத்தில் கொட்டாமல் தொங்கி நிற்கிறது. கதவுக் கண்ணாடி வேறு வகை, உடைந்தால் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டிவிடும், அதைத் திருத்த முடியாது. முன் கண்ணாடியில் விழுந்த சின்னப் புள்ளியை, கோடாக ஓடுவதற்கு முன் பிசின் விட்டு அடைக்கலாம். முழுக் கண்ணாடி மாற்றுவதைவிட அது எவ்வளவோ மலிவு. எங்கள் ஆசிரியர் அன்றைக்கே அந்த இடத்திலிருந்து கம்பனிக்கு அறிவித்து, வந்த கையோடு புள்ளியை அடைத்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. வெயிலில் காய்ந்த கண்ணாடிக்கு உள்ளேயிருந்து ஏ.சி. குளிர் அடித்தால் கோடு ஓடத்தான் செய்யும்.

கலவரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை, மார்ச்சில் திகன, 2019 மேயில் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை. நம் ஆட்களின் வாகனங்கள் எத்தனை நொறுங்கின என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் எறிந்த கல்லால் உடைந்த கண்ணாடிக்கு, கண்ணாடிக் காப்புறுதி இருந்தாலும் போதாமல் போகலாம். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பதற்குத் தனிக் காப்பு இருக்கிறது. அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் நடப்பது, உங்கள் கம்பனி ஊடாகவே சேர்க்கலாம். இருக்கிறதா என்று பாருங்கள். அல்லாஹ் பாதுகாப்பான், நாமும் ஒட்டகத்தைக் கட்டத்தான் வேண்டும்.

தகாஃபுல் எடுத்திருக்கிறோம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். முறை வேறு, நல்லது. ஆனால் கண்ணாடிக்கு எவ்வளவு என்ற வரியை அங்கேயும் தேடத்தான் வேண்டும்.

இனி மனதுக்குக் கசப்பான ஒன்று. எங்கள் ஆசிரியருக்கு அந்த வாரத்திலேயே மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். ஒருவர், முன்னால் லேசாக எங்கேயாவது மோதிவிட்டு முழுக் கிளேம் போடச் சொன்னார். ஒருவர், இப்போதே தொகையைக் கூட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து உடைந்ததாகச் சொல்லச் சொன்னார். மூன்றாமவர் தொழுகையாளி, அவர் சொன்னதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது. தொகையைக் கூட்டும்போது வாகனத்தைப் பார்க்க ஆள் வரலாம், படம் எடுக்கலாம், அகப்படலாம் என்பதெல்லாம் இரண்டாவது விஷயம். கம்பனியின் காசு யாருடைய காசும் இல்லை என்ற நினைப்பு நமக்குள் எப்படி வந்தது? அது நம்மைப் போலக் கட்டுகிற எல்லோருடைய காசு. பொய்க் கிளேம்கள் பெருகினால் அடுத்த வருடம் ஊருக்கே பிரீமியம் ஏறும். எங்கள் ஆசிரியர் பதினைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டு மீதியை நகை அடகு வைத்துக் கட்டினார். அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. நாங்கள் அவர் பக்கம்.

எல்லோரும் கட்டாயம் இதை எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பழைய வாகனம், ஊரிலேயே பாவித்த கண்ணாடி இருபதாயிரத்துக்குக் கிடைக்கும் என்றால், கூடுதல் பிரீமியத்தைக் கட்டாமல் அந்தக் காசை ஒதுக்கி வைப்பதே புத்தி. த்ரீவீலர்காரர்களுக்கும் அப்படித்தான். கெமராக் கண்ணாடி, தூரப் பயணம், டிப்பர் ஓடுகிற பாதை என்று மூன்றும் சேர்ந்தவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள்.

இவ்வளவு எழுத வைத்ததே எங்கள் பாடசாலைக்கு வரும் ஒரு வேன்தான். முன் கண்ணாடியில் சாரதியின் கண்ணுக்கு நேரே வெடிப்பு, மேலே டேப் ஒட்டி ஐந்து மாதமாக ஓடியது. உள்ளே பதினான்கு பிள்ளைகள். காலைச் சூரியன் அந்த வெடிப்பில் பட்டால் முன்னால் சைக்கிளில் போகிறவர் தெரிய மாட்டார். வாசலில் நின்று தினமும் பார்த்த நாங்களும் பேசாமல்தான் இருந்தோம். கடைசியில் கேட்டபோது அந்தக் காக்கா சொன்னார், "தேர்ட் பார்ட்டிதான் சேர் போட்டிருக்கன், எழுபதாயிரத்துக்கு நான் எங்க போக?" அவர் மீது கோபப்பட ஒன்றுமில்லை. டீசலுக்கும் லீசிங்குக்கும் போக அவர் கையில் மிஞ்சுவது எங்களுக்குத் தெரியும்.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். பதினான்கு வீட்டிலும் ஐயாயிரம் வீதம் போட்டார்கள், கண்ணாடி மாறியது. ஒரு உம்மா இரண்டு தவணையாகத் தந்தார். பலர் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒருவரின் இழப்பைத் தாங்குவது. காப்புறுதி என்பதும் இதே வேலைதான், இங்கே பொலிசி மட்டும் இருக்கவில்லை. இனி வேன் கட்டணத்தோடு மாதம் இருநூறு ரூபா கூட்டி, வருடக் கடைசியில் அந்தக் காக்கா விரிவான காப்புறுதிக்கு மாற உதவுவது என்று பேச்சு. இரண்டு பெற்றோர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, வாகனம் அவருடையது, ஏன் நாங்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். மற்ற வேன்களில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் நாளைக் காலை ஒரு தரம் முன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பொலிசி ஆங்கிலத்தில் இருக்கிறது, விளங்கவில்லை என்றால் கொண்டு வாருங்கள். எங்களில் இரண்டு பேர் ஆங்கில ஆசிரியர்கள். செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டபின் ஸ்டாஃப் ரூமில் இருப்போம். பழைய தாளையும் சேர்த்துக் கொண்டு வந்தால் நல்லது, தொகை மாறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.