தம்பி கையில் படை

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான்” என்பது பழமொழி. இலங்கையை ஆண்ட ராஜபக்சே குடும்பத்திலோ தம்பியின் கையிலேயே படை இருந்தது. அந்தப் படை யார்மீது பாய்ந்தது, முடிவில் யார் யாருக்கு அஞ்சி ஓடினார்கள் என்பதை ஆலைத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் அறிந்திருக்க வேண்டும்.

2005 நவம்பரில் மகிந்த ராஜபக்சே ஜனாதிபதியானார். அமெரிக்காவில் குடியேறியிருந்த முன்னாள் ராணுவ அதிகாரியான தம்பி கோத்தபயவைப் பாதுகாப்பு இலாகாவின் செயலாளராக்கினார். ஜனங்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஆயினும் 2015 ஜனவரியில் அண்ணன் தோற்கும் வரை ராணுவத்தின் கடிவாளம் அவரிடமே இருந்தது. 2010இல் இன்னொரு தம்பி பசில் பொருளாதார அபிவிருத்தி மந்திரி. மூத்த அண்ணன் சமல் சபாநாயகர். நிதி இலாகா மகிந்தவிடம். கஜானா, சபை, படை மூன்றும் ஒரே வீட்டுக்குள் அடங்கின. இது உடன்பிறப்புப் பாசமல்ல. கேட்பாரின்றி ஆள்வதற்கான ஏற்பாடு!

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது முள்ளிவாய்க்காலில் பல்லாயிரம் தமிழ் மக்கள் மாண்டு கிடந்தனர். தெற்கே வெற்றி விழா நடந்தது. மாண்டவர் வேறு மொழிக்காரர்தானே என்று சிங்கள ஏழைகளை நம்பவைத்தார்கள். அந்த நம்பிக்கை எத்தனை நாள் நிலைத்தது?

2011இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிலாளர், தங்கள் சேமிப்பில் கைவைக்கும் பென்ஷன் மசோதாவை எதிர்த்துத் திரண்டனர். போலீஸ் சுட்டது, ஓர் இளந்தொழிலாளி பலியானார். 2013இல் வெலிவேரியாவில் ஜனங்கள் சுத்தமான குடிதண்ணீர் கேட்டனர். ராணுவம் வந்து சுட்டது; மூவர் மாண்டனர். இவர்கள் சிங்கள உழைப்பாளிகள். துப்பாக்கி மொழி பார்க்கவில்லை, வர்க்கம் பார்த்தது.

2019இல் தம்பியே ஜனாதிபதியானார். அண்ணன் பிரதம மந்திரி. கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தார்கள். 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடுத்தார்கள். நெல் விவசாயியும் தேயிலைத் தோட்டமும் தவித்தன. அதே ஆண்டு ஜூலையில் பசில் நிதி மந்திரியானார். 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைக் கட்ட இயலாதென்று சர்க்கார் கைவிரித்தது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர்.

அந்த வரிசையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் நின்றனர். மே 9ஆம் தேதி மகிந்த ராஜினாமா செய்தார். ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனவெள்ளம் புகுந்தது. படைக்குத் தலைவரான தம்பி முதலில் மாலத்தீவுக்கும், பிறகு சிங்கப்பூருக்கும் ஓடி, அங்கிருந்து ராஜினாமாவை அனுப்பினார். நெருக்கடிக்கு இந்தச் சகோதரர்கள் பொறுப்பாளிகள் என்று 2023 நவம்பரில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

ஆனால் தம்பி போனதோடு சுமை போகவில்லை. 2023இல் கடன் சீரமைப்பு என்ற பேரால் தொழிலாளரின் பிராவிடண்டு பண்டுப் பணத்தில் கைவைத்தார்கள். ஆள் மாறினால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

காரமடைக்கு இது தூரத்துச் சேதியல்ல. நமக்கு மேலே நீலகிரி மலையில் தேயிலை பறிக்கும் குடும்பங்கள் பல, 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவை. 1948இல் அங்கே சட்டம் போட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிரஜா உரிமையைப் பறித்தார்கள். அன்று அவர்களிடம் பறித்துப் பழகிய கைதான் பின்பு எல்லாரிடமும் நீண்டது.

ஆகவே தோழர்களே, காட்டு வேலைக்குப் போகும் கூலிக்காரர் அடிபடும்போது, அவர் வேறு ஜாதி என்று ஆலைத் தொழிலாளி வாய்மூடி இருக்கலாகாது. வடக்கேயிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் சம்பளம் பிடிக்கப்படும்போது, அவன் பாஷை வேறு என்று நாம் ஒதுங்கலாகாது. அவனுக்கு விழும் அடி நாளை நமக்கும் விழும். சங்கத்தில் சேருங்கள், அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!