பழைய பாட்டும் புதிய பாட்டும்



1968-இல் 18 வயதினராயிருந்தவர்கள் இன்று 75 வயதைக் கடந்திருக்கிறார்கள். அவர்களில் அநேகர் போதகர்களிடம் தயங்கியபடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்நாட்களின் கிட்டாரும் டிரம்ஸும் கேட்டால் என் மனது இன்னும் துள்ளுகிறது. விசுவாசிக்கு இது தகுமா?"

தகும் என்றே எண்ணுகிறேன். அந்தக் காலத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவினர் 1968-இல் தியானம் பயில ரிஷிகேசத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். அவர்கள் நம்முடைய இசையைத் தேடி வந்த அதே ஆண்டுகளில், நம் திரையிசை அவர்களுடைய வாத்தியங்களைக் கையிலெடுத்து மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எம்.எஸ்.விசுவநாதனோடு இணைந்து 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு இசையமைத்த வயலின் கலைஞர் டி.கே.ராமமூர்த்தி, பெயரின் முதலெழுத்திலேயே திருச்சிராப்பள்ளியைச் சுமந்தவர். திருச்சி வானொலிக்கு எழுதி வந்த கவிஞர் வாலி, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். ஆழ்வார்களின் பாசுரங்கள் ஒலிக்கும் வீதிகளிலிருந்து சென்ற அவர்தான், 1966-இல் வந்த 'அன்பே வா' படத்தில் ட்விஸ்ட் ஆட்டத்துக்கும் சொற்களைத் தந்தார். விசுவநாதனின் வாத்தியக் குழுவில் நோயல் கிராண்ட் டிரம்ஸ் வாசித்தார். பிலிப்ஸ் கிட்டார் மீட்டினார். பல மதத்தாரும் பல மரபினரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டு அமர்ந்ததால் பிறந்த இசை அது. அதைக் கேட்டு மனது துள்ளுவதில் குற்றம் என்ன? அந்த இளமையைத் தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள்.

எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று நான் சொல்லவில்லை. பெண்ணை இழிவுபடுத்தும் வரிகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒரு பாட்டை அதன் பொருளைக் கொண்டு நிதானியுங்கள். அதன் வாத்தியத்தைக் கொண்டு அல்ல.

இங்கேதான் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று கிட்டாரைக் கேட்டுக் களித்த நம்மில் சிலரே, இன்று பேரன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குள் வரும்போது முகம் சுளிக்கிறோம். "எங்கள் காலத்துப் பாட்டு எங்கே, இந்தக் கூச்சல் எங்கே" என்கிறோம். முன்னிருந்த நாட்களே நல்லவை என்று பேசுவது ஞானமல்ல என்று பிரசங்கியின் ஏழாம் அதிகாரம் எச்சரிப்பதை மறந்துபோகிறோம். அந்தச் சொல்லால் புண்பட்டு, பாடகர் குழுவை மட்டுமல்ல, ஆராதனையையே விட்டு விலகும் பிள்ளைகளும் உண்டு.

திருச்சியிலுள்ள தூய யோவான் ஆலயத்தில் கல்கத்தாவின் பேராயர் ரெஜினால்டு ஹீபர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் இவ்வூரிலேயே அவர் மரித்தார். இங்கிலாந்துச் சபையின் ஆராதனைக்கென்று ஞானப்பாட்டுகளைத் தொகுத்து, சபைத் தலைவர்களின் அங்கீகாரத்தை அவர் நாடினார், அது கிடைக்கவில்லை. அவர் மரித்த மறு ஆண்டில்தான் அத்தொகுப்பு அச்சேறியது. திரித்துவ ஞாயிறுக்காக அவர் எழுதிய பாட்டை இன்று உலகமெங்கும் பாடுகிறார்கள். புதுமை என்று அன்று தயங்கியதையே இன்று நாம் பாரம்பரியம் என்று காக்கிறோம்.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி, உங்களுக்குப் பிரியமான பழைய பாட்டு ஒன்றைக் கேட்கச் செய்யுங்கள். பிறகு அவர்களுக்குப் பிரியமான ஒன்றைப் போடச் சொல்லி, குறுக்கே பேசாமல் முடியும்வரை கேளுங்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால், அவர்களும் உங்களிடம் பேசத் தொடங்குவார்கள்.

தேவ சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக.