வரப்பை மொட்டையடிக்க வேண்டாம்!

மானாவாரிக் காட்டின் வரப்பைப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைப்பவரே நல்ல விவசாயி என்ற எண்ணம் தம்மம்பட்டி வட்டாரத்தில் பலரிடம் உள்ளது. மண்வெட்டி செய்த வேலையை இப்போது களைக்கொல்லி செய்கிறது. இந்த வழக்கத்தை விவசாயிகள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கான பாடம் கடற்கரையில் இருக்கிறது. கடல் நமக்கு வெகு தூரம்தான். ஆனாலும் வெறும் மணலில் புல் எப்படிப் பிழைக்கிறது, மண்ணை எப்படிக் காக்கிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

சோழமண்டலக் கரையின் மணல்மேடுகளில் இராவணன் மீசை என்ற புல் வளர்கிறது. அங்கே பெய்த மழை மணலில் நிற்காது, சத்தும் குறைவு, உப்புக் காற்று வேறு. இருந்தும் அது பிழைக்கக் காரணங்கள் மூன்று.

முதலாவது, இலை. அது விறைப்பாக உட்புறம் சுருண்டு ஊசிபோல் முடிவதால் நீர் ஆவியாவது குறைகிறது. இரண்டாவது, தண்டு. அது தரையோடு பல மீட்டர் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிணைக்கிறது. வேரில் வாழும் நுண்ணிய பூசணங்கள் மணலில் உள்ள சொற்ப மணிச்சத்தையும் தேடித் தருகின்றன.

மூன்றாவதே முக்கியம். காற்றில் வரும் மணல் புல்லில் தடைபட்டு அங்கேயே விழுகிறது. புதைந்த கணுக்கள் புது வேரும் குருத்தும் விட்டு மேலே வருகின்றன. மணல் ஏற ஏறப் புல்லும் ஏறுகிறது. மேடு இப்படித்தான் உயர்கிறது. புல்லை அழித்தால் காற்று மேட்டைக் கலைத்துவிடும்.

அங்கே காற்று செய்வதை, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையிலுள்ள நம் சரிவு நிலங்களில் மழைநீர் செய்கிறது. மரவள்ளி பிடுங்கிய காடு பொலபொலவென்று கிடக்கும்போது கனமழை பெய்தால், மேல்மண் கரைந்து ஓடை வழியே சுவேதா நதிக்குப் போய்விடும். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மண் போனால் அது ஏறத்தாழ 60 டன். நாம் இட்ட எருவும் உரமும் அதோடு போகின்றன.

இராவணன் மீசையை இங்கே நடச் சொல்லவில்லை. அதே வேலைக்கு வெட்டிவேர் உள்ளது. அதன் வேர் நேராக 3 மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். வண்டல் படிந்தால் கணுவில் வேர்விட்டு எழும். நம் தென்னிந்திய வகை விதையால் பரவாததால் களையாகும் என்ற அச்சம் வேண்டாம். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பகுதி விவசாயிகள் இதை நில எல்லையில் நெடுங்காலமாக வளர்த்து வந்துள்ளனர்.

மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டு மூன்று தூர்களாகப் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே, 15 செ.மீ.க்கு மேற்படாத இடைவெளியில் ஒரே வரிசையாக நடவும். செத்த இடத்தில் உடனே மறு நடவு செய்யவும். சந்து விட்டால் தண்ணீர் அந்த வழியே அறுத்துக்கொண்டு போகும்.

மாடு வைத்திருப்போர் வரப்பின் மேல் கொழுக்கட்டைப்புல் வளர்க்கலாம். வறட்சி தாங்கும், நல்ல தீவனம். புது விதை சரியாக முளைக்காது. சில மாதங்கள் வைத்திருந்து விதைக்கவும்.

வரப்பில் புல் இருந்தால் எலி சேரும் என்பார்கள். நெல் வயலில் அது உண்மை. அங்கே வரப்பைச் செதுக்கிச் சிறிதாக வைப்பதே சரி. அந்த முறையை மேட்டுக் காட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அறுகு காட்டுக்குள் ஏறினால் ஓரத்தில் மட்டும் கொத்தி எடுத்தால் போதும்.

சந்தேகப்படுவோர் வரும் பருவத்தில் ஒரு வரப்பில் பாதியைச் செதுக்கி, பாதியைப் புல்லோடு விட்டுப் பார்க்கவும். முதல் பெருமழையன்று இரு பக்கமும் வழியும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, பிறகு முடிவு செய்யவும்.