பெரிய திரை, மங்கிய படம்!

பழனி அடிவாரத்துக் கடைகளிலே நாளெல்லாம் நின்று உழைக்கும் தொழிலாளி, தவணை கட்டிப் பெரியதொரு தொலைக்காட்சி வாங்குகிறான். வீட்டார் ஆவலோடு கூடி அமர்கிறார்கள். திரையிலே தெரிவதென்ன? முகமும் எழுத்தும் மங்கிய படம்! "பழைய பெட்டியே தேவலை" என்கிறாள் மனைவி.

அவள் கூற்றிலே உண்மை உண்டு. 2006-இல் அமைந்த கழக ஆட்சி வீடுதோறும் வழங்கிய 14 அங்குலப் பெட்டிக்குச் சாதாரணக் கேபிள் படம் போதுமானது. அந்தப் படத்திலே அகலத்தில் 720, உயரத்தில் 576 என ஏறத்தாழ 4 இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. திரையிலோ 20 இலட்சத்துக்கும் மேல்! நாலு முழ வேட்டியை இழுத்து எட்டு முழமாக்க முடியுமா? கம்பியை மாற்றினால் தெளியும் என்பாரை நம்பாதீர். செட்டாப் பெட்டி சாதாரணமானால் படமும் சாதாரணமே.

தெளிந்த படம் இல்லாமலில்லை. தனி விலையிலே இருக்கிறது! அதே செய்தி, அதே நாடகம், எச்.டி.க்கு வேறு விலை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதி, கட்டணக் கணக்கிலே ஓர் எச்.டி. அலைவரிசையை இரண்டு சாதாரண அலைவரிசைகளாக எண்ணியது.

காசுள்ளவன் கண்ணுக்குத் தெளிவு, உழைப்பவன் கண்ணுக்கு மங்கலா என்று கேட்கிறோம். 2007-இல் கலைஞர் ஆட்சியிலே அரசு கேபிள் நிறுவனம் கண்டது, எளியோர் வீட்டுக்கும் காட்சி குறைந்த செலவிலே சேரத்தான். அந்த நியாயம் படத்தின் தெளிவுக்கும் பொருந்தும். எச்.டி. பெட்டியும், சாதாரணக் கட்டணத்திலேயே தமிழ் எச்.டி. அலைவரிசைகளும் வீடுதோறும் வரவேண்டும். சலுகையன்று, தோழர்களே, உரிமை!